இரண்டு பக்கமும் ஒரே நாளில் மூட வேண்டாம்: டிரைவால் கேபிள்கள் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் வடக்கில் தொடர்வீடுகள் கட்டித்தரும் நிறுவனத்தின் திட்ட மேலாளர்களும் அதன் டிரைவால் ஒப்பந்ததாரர்களும்

இனி டிரைவால் உள்சுவர்களின், அதாவது இரும்புச் சட்டகத்தில் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டும் சுவர்களின், இரண்டு பக்கமும் ஒரே நாளில் மூடப்படும், வயரிங் பார்ப்பதற்காக வேலை நிற்காது என்று தளத்தில் சொல்லிவிட்டீர்கள். கேபிள் ஓடும் 20 மி.மீ. பிவிசி பைப்பையும் உள்சுவர்களிலிருந்து எடுத்துவிட்டீர்கள். கேபிளை ஸ்டட் (சுவருக்குள் நிற்கும் மெல்லிய இரும்புத் தூண்) துளைகள் வழியே அப்படியே இழுத்தால் போதுமாம். துளை விளிம்புக்கு வளையமும் ஸ்டட் முகத்துக்கு இரும்புத் தகடும் "தேவைப்படும் இடத்தில் மட்டும்". எந்த இடத்தில் தேவைப்படும் என்பதை அந்த நேரத்தில் முடிவு செய்யப்போகிறவர் பலகை அடிப்பவர். அவருக்குச் சதுர மீட்டர் கணக்கில் கூலி. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் தலையில் அந்த முடிவைக் கட்டியதைத்தான் ஏற்க முடியவில்லை.

நாங்கள் பீனிக்ஸ், வெருலம், சாட்ஸ்வொர்த் பக்கம் வீட்டு வயரிங் செய்பவர்கள். நீங்கள் மூடிய சுவரைப் பிறகு அறுத்துத் திறக்கக் கூப்பிடப்படுவது நாங்கள்தான். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அளவோடு சொல்கிறோம்.

12.5 மி.மீ. ஜிப்சம் பலகையை ஸ்டட்டில் பிடிக்க 25 மி.மீ. ஸ்குரூ போடுகிறீர்கள். பலகையைத் தாண்டி உள்ளே நீளுவது 12.5 மி.மீ. 63.5 மி.மீ. ஸ்டட்டில் இரண்டு பக்கமிருந்தும் ஸ்குரூ ஏறினாலும் நடுவில் 38.5 மி.மீ. காலியாக இருக்கும். கேபிள் அந்த நடுப்பகுதியில் ஓடினால் பலகை ஸ்குரூ எதுவும் அதைத் தொடாது. ஆனால் கேபிள் அங்கே ஓடுவதில்லை. சுவிட்சுக்கு இறங்கும் கேபிள் தொங்கி ஆடாமல் இருக்க, அதை ஸ்டட்டின் மடிப்புக்குள், அதாவது பலகை ஸ்குரூ ஏறுகிற அதே தகட்டின் முதுகோடு ஒட்டி, டை போட்டு இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு ரொம்ப ஒழுங்கான வேலை. அந்த முகம் சுமார் 35 மி.மீ. அகலம்தான். அதில் 300 மி.மீ.க்கு ஒன்றோ அதைவிட நெருக்கமாகவோ ஸ்குரூ வரிசை. கூரையிலிருந்து சுவிட்ச் பெட்டிக்கு இறங்குவதற்குள் அந்தக் கேபிள் நாலைந்து ஸ்குரூ முனைகளைக் கடக்க வேண்டும். 2.5 சதுர மி.மீ. வயரின் பிவிசி காப்பு 0.8 மி.மீ. கனம். அதைக் கிழிக்க ஸ்குரூ நேராகக் குத்த வேண்டும் என்றுகூட இல்லை, உரசினாலே போதும்.

கட்டுவதானால் ஸ்டட்டின் நடுத்தகட்டில், 63.5 மி.மீ. அகலப் பக்கத்தின் மையத்தில் கட்டுங்கள். இரண்டு பக்கப் பலகை ஸ்குரூவின் முனையும் அதை எட்டாது. இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. கட்டுபவருக்குக் காரணம் தெரிந்திருந்தால் போதும்.

ஸ்டட்டைத் தவறவிட்ட ஸ்குரூ இன்னொரு வில்லங்கம். பிடி கிடைக்கவில்லை என்றதும் அதைப் பிடுங்கி, இரண்டு விரல் தள்ளி மறுபடி அடித்து, பழைய துளையில் பட்டி போட்டுப் பூசி மெழுகிவிடுகிறார்கள். அந்த முதல் ஸ்குரூ உள்ளே எதைத் தொட்டுவிட்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் மூடியிருக்கும்போது இப்படி நடந்தால் பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒரே நாளில் மூடினால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது.

அடுத்தது துளை விளிம்பு. ஸ்டட் தகடு அரை மில்லிமீட்டர் கனம்தான். தொழிற்சாலையில் குத்திய துளையிலும் ஓரம் கூராகவே இருக்கும். தளத்தில் ஹோல்சா போட்டு வெட்டிய துளையில் பிசிறு வேறு நிற்கும். ஐந்தாறு ஸ்டட் தாண்டி கேபிளை ஒருவர் இழுக்க, இன்னொருவர் தள்ள, முதல் துளையிலேயே கேபிள் வளைந்து உரசுகிறது. திறந்த சுவர்களில் நாங்கள் பார்ப்பது இதுதான்: வெள்ளை உறை ஒரு பக்கமாக நீளத்துக்குச் சீவப்பட்டிருக்கும், சீவிய இடத்தில் சிவப்பு வயரின் காப்பு காகிதம்போல் மெலிந்திருக்கும், சில இடத்தில் செம்பே மினுக்கும். ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையம் போட்டாக வேண்டும். இதில் "தேவைப்பட்டால்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பைப் போட்டால் இந்தத் தொல்லை அப்போதே தீர்ந்துவிடும். பிவிசி பைப் ஸ்குரூவைத் தடுத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை, தடுக்காது. ஆனால் விளிம்பு உரசாது, கேபிள் இழுபடாது. நாளைக்கு ஒரு வயர் பழுதானால் சுவரை உடைக்காமல் மாற்றிவிடலாம். நீங்கள் மிச்சம்பிடித்தது அந்த வசதியைத்தான்.

"மெல்லிய தகரப் பட்டை போட்டு மூடிவிட்டோமே" என்று உங்கள் மேற்பார்வையாளர் சொன்னார். டிரைவால் ஸ்குரூ அரை மில்லிமீட்டர் தகட்டைத் துளைத்துக்கொண்டு ஏறுவதற்கென்றே செய்யப்பட்டது. ஸ்டட்டில் அது பிடிப்பதே அப்படித்தான். அதே கனத்தில் இன்னொரு தகரத்தை வைத்தால் அதையும் துளைக்கும். சிமெண்ட் பூச்சு வேலையில் கரண்டி படாமல் இருக்கத்தான் அந்தப் பட்டை. இங்கே வேண்டியது கெட்டியான எஃகுத் தகடு. அமெரிக்க மின்விதி, கேபிள் ஸ்டட்டின் முகத்தை நெருங்கும் இடத்தில் குறைந்தது 1.6 மி.மீ. எஃகுத் தகடு வைக்கச் சொல்கிறது. ஒரு வீட்டில் கேபிள் வேறு வழியில்லாமல் மையத்தை விட்டு முகத்தை நெருங்கும் இடங்கள் கொஞ்சம்தான்: கதவு நிலைப் பக்கம், டிபி போர்டுக்கு (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) மேலே கேபிள்கள் கூடும் இடம், தண்ணீர்க் குழாய் குறுக்கிடும் இடம். ஒரு கைப்பிடித் தகடு போதும்.

இப்போது ஸ்குரூ வயரைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லைவும் எர்த்தும் சேர்ந்து மாட்டினால் அன்றைக்கே டிரிப் ஆகும், அது அதிர்ஷ்டம். லைவ் வயரை மட்டும் தொட்ட ஸ்குரூதான் பயமுறுத்துகிறது. ஸ்குரூ ஸ்டட்டில் ஏறியிருக்கிறது, ஸ்டட் டிராக்கில் (தரையிலும் கூரையிலும் பதித்த இரும்புப் பட்டை) நிற்கிறது, இரும்புச் சட்டகம் முழுக்க 230 வோல்ட். சட்டகம் எர்த்தோடு சேராததால் மின்சாரம் ஓட வழியில்லை. பிரேக்கர் விழாது, எர்த் லீக்கேஜும் (எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் சர்க்யூட்டைத் துண்டிக்கும் கருவி) விழாது, விளக்கு எரியும், எல்லாம் நன்றாக இருக்கும். யாராவது அந்த ஸ்டட்டில் டிவி பிராக்கெட்டையோ திரைச்சீலைக் கம்பியையோ திருகி, ஈரக்கையால் தொடும்வரை.

தொட்டால் 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் காப்பாற்றும் என்று நினைக்கிறீர்கள். பிளக் சர்க்யூட்டில் காப்பாற்றலாம். ஆனால் நம் ஊர் டிபி போர்டுகளில் கீசர், அடுப்பு, பல வீடுகளில் விளக்கு சர்க்யூட்டும்கூட எர்த் லீக்கேஜுக்கு வெளியே இருக்கின்றன. டிரைவாலில் செங்குத்தாக ஸ்டட்டோடு ஒட்டி இறங்கும் கேபிள்களில் பெரும்பாலானவை விளக்குச் சுவிட்சுக்குப் போகிறவைதான். ஆக, ஸ்குரூவிடம் அடிபட அதிக வாய்ப்புள்ள கேபிளுக்குத்தான் பாதுகாப்பு குறைவு. லோட்ஷெடிங் எனும் மின்வெட்டுக்காக இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது நியூட்ரல்-எர்த் இணைப்பு சரியாக இல்லாவிட்டால் எர்த் லீக்கேஜ் இருந்தும் வேலை செய்யாது.

அதனால்தான் சட்டகத்தை எர்த் செய்யச் சொல்கிறோம். வேறிடத்துப் பழுது எர்த் வழியாகச் சட்டகத்துக்கு வந்துவிடுமே என்று வாதிடுகிற மின்பணியாளர்கள் உண்டு, அது வெறும் வாதமும் அல்ல. ஆனாலும் எல்லா சர்க்யூட்டும் எர்த் லீக்கேஜுக்குள் இருக்கும் வீட்டில், மிதந்துகொண்டிருக்கும் லைவ் சட்டகத்தைவிட ஸ்குரூ தொட்ட அந்த நொடியே டிரிப் ஆகும் சட்டகம் மேல் என்பது எங்கள் முடிவு. செய்யும்போது இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். மேல் டிராக்கில் ஸ்டட் வெறுமனே செருகி நிற்கும், அந்தத் தொடர்பை நம்ப முடியாது. ஒவ்வொரு ஸ்டட்டையும் கீழ் டிராக்கோடு தட்டைத்தலை ஸ்குரூ போட்டுப் பிடித்துவிட்டு, கீழ் டிராக்கில் லக் வைத்து 2.5 சதுர மி.மீ. பச்சை-மஞ்சள் வயரை இணையுங்கள். இரண்டாவது, கதவு வரும் இடத்தில் கீழ் டிராக் அறுபடுகிறது. கதவுக்கு அந்தப்புறம் உள்ள துண்டு தனித்தீவாக நிற்கும், அதற்கும் தனியாக எர்த் வேண்டும். முடித்ததும் மீட்டரால் கடைசி ஸ்டட் வரை தொடர்பு பாருங்கள்.

செம்பில் பாதியைச் சீவிவிட்டுப் போன ஸ்குரூ வேறு ரகம். கசிவு இல்லை, எதுவும் டிரிப் ஆகாது. கீசரோ ஹீட்டரோ ஓடும்போது அந்த மெலிந்த இடம் மட்டும் சூடாகும். அதை பிரேக்கர் உணராது, எர்த் லீக்கேஜும் உணராது. காப்பில் கீறல் மட்டும் விழுந்த கேபிளோ வறண்ட நாளில் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். டர்பன் கோடையில் சுவருக்குள் ஈரம் கோத்த பிறகு, காரணம் தெரியாமல் டிரிப் ஆகத் தொடங்கும். வீட்டுக்காரர் கெட்டிலைச் சந்தேகிப்பார், ஃபிரிட்ஜைச் சந்தேகிப்பார், கரண்ட் போய் வந்ததால்தான் என்பார். சுவரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

பலகை ஸ்குரூவோடு இது முடிவதில்லை. உங்கள் சமையலறை ஆட்கள் மேல் அலமாரியை மாட்டும் கணக்கைப் பாருங்கள். 60 மி.மீ. ஸ்குரூ, 16 மி.மீ. அலமாரிப் பட்டை, 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை. உள்ளே நீளுவது 31.5 மி.மீ. ஸ்டட்டின் மையம் 31.75 மி.மீ.யில். மையத்தில் ஒழுங்காக ஓடும் கேபிளை அந்த ஸ்குரூவின் முனை சரியாகப் போய்த் தொடும்! மேல் அலமாரி மாட்டும் உயரத்தில் குறுக்காக எந்தக் கேபிளும் ஓடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகையும் அப்படியே. 16 மி.மீ. பலகைக்கு 50 மி.மீ. ஸ்குரூ போட்டால் 21.5 மி.மீ. உள்ளே போகும். ஆகவே தரையிலிருந்து முதல் 100 மி.மீ. உயரத்தில் கேபிள் வேண்டாம்.

குடிவருகிறவர்கள் ஆணி அடிப்பதை நீங்களும் தடுக்க முடியாது, நாங்களும் தடுக்க முடியாது. வீடு புகுந்த வாரமே சாமி படத்துக்கு ஆணி, விளக்கு மாடத்துக்குப் பிராக்கெட். அவர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: பிளக் எங்கே, சுவிட்ச் எங்கே. அதற்கு நேர் மேலே கேபிள் இருக்கும் என்று ஊகித்துத் தள்ளி அடிப்பார்கள். கேபிள் செங்குத்தாக இறங்கியிருந்தால் அந்த ஊகம் பலிக்கும். அரை மீட்டர் கேபிள் மிச்சம் என்று மூலைவாட்டில் இழுத்திருந்தால் பலிக்காது. பிரிட்டனின் பிஎஸ் 7671 தரம் இதையே விதியாக வைத்திருக்கிறது. சுவர்ப் பரப்பிலிருந்து 50 மி.மீ. ஆழத்துக்குள் ஓடும் கேபிள், பிளக் அல்லது சுவிட்சிலிருந்து நேர் மேலே, நேர் கீழே அல்லது நேர் குறுக்காகப் போக வேண்டும். இல்லாவிட்டால் கூரையோ சுவர் மூலையோ சேரும் இடத்திலிருந்து 150 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆணி தாங்கும் உலோகப் பாதுகாப்பு வேண்டும். இரும்புச் சட்டகச் சுவரானால் ஆழம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் 30 மில்லிஆம்பியர் பாதுகாப்பைக் கேட்கிறது. உங்கள் சுவரின் மொத்தக் கனம் 88.5 மி.மீ. அதன் நட்டநடுவே இரண்டு பரப்பிலிருந்தும் 44 மி.மீ. சொச்சம்தான். அதாவது அந்த அளவுகோலில் உங்கள் உள்சுவர்களில் ஆழமான இடம் என்று ஒன்றே கிடையாது.

இன்னொன்று: கூடத்துப் பக்கம் பிளக் இருக்கிறது, மறுபக்கம் பூஜை அறை. அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு அங்கே கேபிள் இறங்குவது எப்படித் தெரியும்? தெரியாது. அதனால் சுவரின் இரண்டு பக்கத்துக்கும், மூடும் முன் எடுத்த படம் வேண்டும்.

ஒலி குறைக்க நடுவில் கம்பளிப் பஞ்சு வைக்கும் சுவர்களில் கேபிள் சூட்டை விட முடியாது. அரை மீட்டருக்கு மேல் நாலு பக்கமும் பஞ்சு சூழ்ந்த கேபிளின் மின்னோட்டத் தாங்குதிறனை பிரிட்டிஷ் அட்டவணை பாதியாகக் குறைத்துவிடுகிறது. கீசர், அடுப்பு கேபிள்களைப் பஞ்சுக்குள் புதைக்காதீர்கள். பாலிஸ்டைரீன் பலகை வைத்தால் பிவிசி கேபிள் அதை நேரடியாகத் தொடக் கூடாது. தொட்டுக்கொண்டே இருந்தால் நாளடைவில் பிவிசி விறைத்து வெடிக்கும்.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. 1993ஆம் ஆண்டின் தொழில்சார் உடல்நலம், பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2009ஆம் ஆண்டு மின்நிறுவல் விதிகளின்படி, பதிவுபெற்ற ஆள் சோதித்து சிஓசி (வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) கொடுக்க வேண்டும், அளவுகோல் தென்னாப்பிரிக்க வயரிங் தரமான சான்ஸ் 10142-1. அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் மூடிய சுவருக்குள் எதைப் பார்த்தார் என்று சொல்லப்போகிறார்? மெக்கர் (காப்பின் தடையை அளக்கும் கருவி) போட்டு 1 மெகாஓமுக்கு மேல் இருந்தால் தேறிவிடும். சேதமில்லாத புதுக் கேபிள் நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டும். 3 மெகாஓம் காட்டுகிற புதுச் சுவர் தாளில் பாஸ், உண்மையில் உள்ளே ஏதோ கடித்திருக்கிறது. சுவிட்சுகளை ஆன் செய்து, பல்புகளைக் கழற்றிவிட்டுச் சோதிக்காவிட்டால், சுவிட்சுக்குப் பின்னால் உள்ள வயரில் ஏறிய ஸ்குரூ அந்த எண்ணில் வரவே வராது. சட்டகத்தை எர்த் செய்யாவிட்டால் லைவ் வயருக்கும் ஸ்டட்டுக்கும் இடையில் உள்ள பழுதும் வராது.

புது வீட்டின் வேலைக் குறைகளுக்கு என்எச்பிஆர்சி (வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்யும் தேசியக் குழு) சட்டத்தில் வாங்கியவருக்குக் கிடைப்பது குடிவந்ததிலிருந்து மூன்று மாதம். ஸ்குரூ கீறிய கேபிள் அந்த மூன்று மாதத்துக்குள் வாய் திறக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை. அதற்கப்புறம் செலவு வீட்டுக்காரர் தலையில்.

நாங்கள் கேட்பது இவை.

ஒரே நாளில் இரண்டு பக்கமும் மூடும் உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். ஒரு பக்கம் மூடியதும் வேலை நிற்க வேண்டும். சிஓசியில் கையெழுத்திடப் போகிற அதே ஆள் வந்து, 500 வோல்ட் மெக்கர் சோதனையை ஸ்டட்டையும் எர்த்தோடு சேர்த்துச் செய்து, எண்ணை எழுதிக் கையொப்பமிட்ட பிறகுதான் மறுபக்கம். மறுபக்கம் மூடிய பின் ஒரு முறை, அலமாரியும் ஸ்கர்ட்டிங்கும் முடிந்த பின் ஒரு முறை அதே சோதனை. முதல் எண்ணிலிருந்து விழுந்திருந்தால் அந்தச் சுவரைத் திறக்க வேண்டும், 1 மெகாஓமுக்கு மேல் இருந்தாலும் சரி. திறந்து மூடும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் பலகை அடித்தவரும் வயர் இழுத்தவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருப்பார்கள்.

20 மி.மீ. பைப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள், குறைந்தபட்சம் எல்லாச் செங்குத்து இறக்கங்களுக்கும். எல்லாத் துளைக்கும் வளையம், கேபிள் மையத்தை விட்டு முகத்தை நெருங்கும் இடமெல்லாம் 1.6 மி.மீ. எஃகுத் தகடு என்று வரைபடத்திலேயே குறித்து, "தேவைப்பட்டால்" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். டிரைவாலுக்குள் போகும் எந்த சர்க்யூட்டும், விளக்கு உட்பட, எர்த் லீக்கேஜுக்கு வெளியே இருக்கக் கூடாது. சமையலறை அலமாரியின் உயரத்தை வயரிங் தொடங்கும் முன்பே எங்களிடம் கொடுங்கள்.

மூடும் முன் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவை ஒட்டிப் பிடித்து, இரண்டு பக்கமிருந்தும் படம் எடுத்து, சிஓசியோடு சேர்த்து வீடு வாங்குபவர் கையில் கொடுங்கள். ஒரு பிரதி டிபி போர்டு கதவின் உட்புறத்தில் இருக்கட்டும்.

ஏற்கெனவே இந்த முறையில் மூடிவிட்ட வீடுகளில் யாரும் குடியேறும் முன், விளக்கு சர்க்யூட்டுகளை எர்த் லீக்கேஜுக்குள் மாற்றி, ஒவ்வொரு சுவரிலும் ஒரு ஸ்டட்டைத் திறந்து சட்டகத்துக்கும் லைவுக்கும் இடையே அளந்து பாருங்கள். அந்த எண்களை எங்களுக்கும் காட்டுங்கள். அடுத்த வரிசை வீடுகளில் பலகை ஏறுவதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். அது வரும்வரை இரண்டு பக்கமும் மூடிய சுவருக்கு எங்களில் யாரும் சிஓசி எழுதப்போவதில்லை.

இப்படிக்கு,
பீனிக்ஸ், வெருலம், சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ் மின்பணியாளர்கள்